புங்கனூர் மாட்டின் தகப்பன் யார்?

நீண்ட பதிவு இது. பிரித்துப் போட மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த பத்து நாள்களில் ஒரே காணொளி ஏழு குழுக்களின் வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. முழங்கால் உயரக் கன்று ஒன்று பளிங்குத் தரையில் ஓடுகிறது. கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம், பின்னணியில் வேத கோஷம். கீழே ஓடும் வரிகளில், வேத காலத்து ரிஷிகள் வளர்த்த புங்கனூர்ப் பசு என்றும், ஈராயிரம் ஆண்டுகளாகக் கலப்படாத தூய ரத்தம் என்றும், உயரம் இரண்டடிதான், முன்பதிவுக்கு அழைக்கவும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வேத காலமும் ஈராயிரம் ஆண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பது எழுதியவருக்கும் உறைக்கவில்லை, அனுப்பியவர்களுக்கும் உறைக்கவில்லை. அனுப்பிய ஏழு பேரும் மறவாமல் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "உங்க ஊர் மாடாமே, பெருமையா இல்லையா?"

பெருமையாகத்தான் இருக்கிறது. பலமனேர் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று என்று வளர்ந்தவள். இப்போது திருப்பதியில் தங்கி, இந்த எல்லைப்புறத்தின் கால்நடைச் சொற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே இந்த மாட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கடமை இருக்கிறது.

ஒரு சான்றிதழிலிருந்து தொடங்குகிறேன். 2024 சங்கராந்தியன்று பிரதமர் தம் தில்லி இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீவனம் ஊட்டும் படங்கள் நாடெங்கும் பரவின. அதற்குச் சில மாதங்களுக்குப் பின் என் தாய்மாமன் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு கிடேரிக் கன்றை வாங்கினார். விற்றவர் வேறு மாவட்டத்துக்காரர், பெயர் வேண்டாம். பணத்தில் பாதி நகை அடமானம் வைத்துப் புரட்டியது. கன்றோடு பளபளக்கும் காகிதத்தில் ஒரு சான்றிதழும் வந்தது. கன்றின் புகைப்படம், பசுவின் கொம்பு வடிவில் ஒரு முத்திரை, பிறந்த தேதி, உயரம் எல்லாம் இருந்தன. தாய் என்ற இடத்தில் 'புங்கனூர்' என்றும் தந்தை என்ற இடத்தில் 'ஒரிஜினல் புங்கனூர்' என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

மாமா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எனக்கோ அந்தத் தந்தைக் கட்டத்தை விட்டுக் கண் நகரவில்லை. ஒரு மனிதனின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கு நேராக 'அசல் தமிழர்' என்று எழுதியிருந்தால் எந்த அலுவலகமாவது ஏற்குமா? காளைக்குப் பெயர் இல்லை, எண் இல்லை, எவர் கொட்டிலில் நின்றது என்பதும் இல்லை. இனத்தின் பெயரையே தகப்பனாகப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

மாமாவின் கிடேரி இப்போது அவர் மார்பளவு நிற்கிறது. நல்ல மாடுதான், சாதுவாக இருக்கிறது. இரண்டடி என்று வாங்கியதை விற்கவும் அவருக்கு மனமில்லை. "பொய்யை நான் வாங்கினேன், இன்னொருத்தன் தலையில கட்ட மாட்டேன்" என்கிறார்.

சந்தையில் நடந்த ஒரு மோசடியைப் பற்றிப் புலம்புவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தக் காலிக் கட்டம் மாமாவின் சான்றிதழில் மட்டும் இல்லை. புங்கனூர் மாட்டைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் மொத்த வரலாற்றிலும் இருக்கிறது. அந்தக் காலியிடத்தில்தான் ரிஷிகளை நிறுத்தியிருக்கிறார்கள்.

இதை விளக்கச் சற்றுத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் திரியும் மஸ்டாங் குதிரைகளை அறிவீர்கள். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகள் தப்பியும் கைவிடப்பட்டும் காட்டில் பெருகியவை. அவற்றுள் பழைய ஸ்பானிய வழி என்று தாம் கருதியவற்றைக் காப்பாற்ற விரும்பிய ராபர்ட் பிரிஸ்லான் என்பவர், வயோமிங்கில் 1957இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். அதில் முதலாவதாக ஏறிய பொலிக்குதிரைகள் இரண்டு, உடன்பிறந்தவை. ஒன்றின் பெயர் பக்‌ஷாட், மற்றதன் பெயர் யூட். அவற்றின் தகப்பன் மான்டி என்ற மங்கல் மஞ்சள் நிறக் குதிரை. 1927இல் யூட்டா மாநிலத்தில் பிடிபட்டு, 1944இல் தன் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு மறுபடியும் காட்டுக்குள் தப்பிச் சென்றுவிட்டது. அதற்குப் பிறகு அது யார் கையிலும் சிக்கவில்லை.

கவனியுங்கள். காட்டில் பிறந்து, பதினேழு ஆண்டு மனிதரிடம் இருந்து, மீண்டும் காட்டுக்கே போன விலங்கு அது. அதற்கும் பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது, பிடிபட்ட ஆண்டும் தப்பிய ஆண்டும் இருக்கின்றன. 'தூய ஸ்பானிய ரத்தம்' என்ற கனவு அங்கும் உண்டு. அதை நான் இங்கே பரிந்துரைக்கவில்லை. எந்த விலங்கிலிருந்து கணக்கைத் தொடங்கினோம் என்பதையாவது அவர்கள் எழுதிவைத்தார்கள் என்பதே என் பேச்சு. எழுதிவைத்ததனால்தான் பின்னால் வருபவர் அதை மறுக்கவும் முடிகிறது.

இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கு 1791இலேயே பொதுப் பதிவேடு வந்துவிட்டது. இனத்தின் மூலவர்களாக மூன்று பொலிக்குதிரைகளைச் சொல்வார்கள்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடோல்பின் அரேபியன். மொழியியல் படித்தவளுக்கு இந்தப் பெயர்களில் ஒன்று உறுத்துகிறது. பையர்லி, டார்லி, கோடோல்பின் மூவரும் உடைமையாளர்கள். குதிரையின் சொந்தப் பெயர் அழிந்து, எசமானனின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டியவனின் பெயருக்கு அங்கும் இடமில்லை. பதிவேடு என்றால் நீதி என்று நான் சொல்லவரவில்லை. அநீதி எங்கே நடந்தது என்று சுட்டிக்காட்டுவதற்காவது ஒரு தாள் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். புங்கனூர், பலமனேர், மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டாரங்களின் வறண்ட மேட்டு நிலம் இந்த மாட்டின் தாயகம். பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர். எடை 115 முதல் 200 கிலோ. ஏறத்தாழ மூன்றடி என்று கொள்ளலாம். 'மினியேச்சர்', 'மைக்ரோ மினியேச்சர்' என்று இரண்டடிக்கு விற்கப்படுபவை அண்மைக் காலத்தில் தேர்ந்தெடுத்துக் குறுக்கியவை. குறுக்கியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதர் பத்தாயிரம் ஆண்டாக அதைத்தான் செய்கிறார்கள். சென்ற சில பத்தாண்டுகளில் செய்ததை எடுத்து ரிஷிகளின் கணக்கில் எழுதுவதுதான் குற்றம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துச் சான்று இல்லாத ஒரு தொல்வடிவத்தை ஊகித்து எழுதும்போது அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுவோம். 'இது கிடைத்ததன்று, மீட்டுருவாக்கியது' என்பதற்கான அடையாளம் அது. மொழிக் குடும்பங்களுக்கு மரம் வரையும் பழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஷ்லைகர் போன்றோர் நிலைநிறுத்தினார்கள்; அதற்கு அவர்கள் மொழியில் வழங்கிய சொல்லே குலவழி மரம் என்று பொருள்படும். வம்சாவளி வரைவதை மாட்டுக்காரரும் செய்கிறார், மொழியியலாளரும் செய்கிறார். எங்களுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம். மாடு விற்பவருக்கு மட்டும் அது ஏன் வேண்டாம்?

நட்சத்திரம் இல்லாமல் நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? இந்த மாடு இந்த மண்ணில் இருந்தது; எளிய வீடுகளில் இருந்தது; குறைந்த தீனியில் பிழைத்தது. அரண்மனைக்காரர்கள் ஆதரித்தார்கள் என்ற கதையும் உண்டு. புங்கனூர் ஜமீன் வரலாற்றில் உள்ளதுதான். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது பழைய வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் ஜமீன் பகுதிகளிலிருந்தும் நிலம் சேர்த்தார்கள். புங்கனூர் அந்த ஜமீன் பகுதிகளில் ஒன்று. ஆனால் ஒரு ஜமீன்தார் காளையை வைத்திருந்தார் என்பதும், அவர்தாம் இனத்தை உருவாக்கினார் என்பதும் வேறு வேறு.

அப்படியானால் காளை எங்கே இருந்தது? என் களப்பணியில் நான் கேட்டுக்கொண்டே திரிந்த கேள்வி இது. பொலிகாளையைப் பற்றி விசாரிக்கும் பெண்ணைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். சில வீடுகளில் பதில் சொல்வதற்கு முன் பெண்களை உள்ளே அனுப்பினார்கள். ஒருவழியாகப் பதில் கிடைத்தது, ஒரு வசைச்சொல்லின் உருவில்.

தெலுங்கில் பொறுப்பில்லாமல் ஊர் சுற்றுகிறவனை 'அச்சோசின ஆம்போது' என்று திட்டுவார்கள். நம்மில் 'கோயில் காளை மாதிரி திரிகிறான்' என்பதற்கு நிகர். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'அச்சு' நமக்கும் அவர்களுக்கும் பொது: முத்திரை, சூடு. 'ஆம்போது' என்பது ஆவும் போதும் சேர்ந்தது. 'ஆ' பசு. 'போது' ஆண் விலங்கு. தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர்களை அடுக்கும் இடத்தில் நிற்கும் 'போத்து' இதன் உடன்பிறப்பு. தமிழில் நூலோடு நின்றுவிட்ட சொல் தெலுங்குக் கிராமத்துத் திட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சூடு போட்டு ஊருக்கு விட்ட பொலிகாளை என்பதே இதன் முழுப் பொருள்.

இறந்தவர் பெயரால் ஒரு காளைக்குச் சூலமோ சக்கரமோ சூடிட்டு ஊரில் விட்டுவிடும் விருஷோத்சர்க்கம் என்ற சடங்கைச் சிலர் அறிந்திருப்பீர்கள். சாமிக்கு நேர்ந்து விடுவதும் உண்டு. அந்தக் காளையை எவரும் ஏரில் பூட்டக் கூடாது, காயடிக்கக் கூடாது, எவர் கொல்லையில் மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது. ஊர்ப் பசுக்களெல்லாம் அதனிடமே சினைக்கு நின்றன. ஆகவே எவர் வீட்டுக் கன்றுக்கும் தகப்பன் ஊரின் பொதுச் சொத்து. 'மஸ்டாங்' என்ற சொல்லும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது: உடைமையாளன் இல்லாமல் திரியும் கால்நடை என்று பொருள்படும் 'மெஸ்தேன்யோ' என்ற ஸ்பானியச் சொல் அது, அதற்கு வேர் ஸ்பானிய மேய்ப்பர்களின் சங்கமான 'மெஸ்தா'. இரண்டு கண்டங்களில் இரண்டு சொற்கள். இரண்டுமே ஒருவனுக்கும் சொந்தமில்லாத விலங்கைக் குறிக்க வந்து, ஒன்று பெருமைச் சொல்லாகவும் மற்றொன்று வசைச்சொல்லாகவும் முடிந்தன.

புங்கனூர் மாட்டின் மூலக் காளை என்று ஒன்றைத் தேடினால் நாம் தேட வேண்டிய இடம் இதுதான். மூலக் காளை ஒன்றன்று, ஊருக்கு ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரிஷிகளும் இல்லை, ராஜாக்களும் இல்லை. எந்தக் கன்றை விடலாம், எதன் தாய் நிறையக் கறந்தது, எது முட்டாது என்று திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் எழுதிவைக்கவில்லை. வறண்ட நிலத்தில் மூன்றடி மாட்டை வைத்துப் பிழைத்தவர்களிடம் ஏடு இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மேற்கே மைசூர்ச் சீமையைப் பாருங்கள். அங்கே அமிர்த மகால் மாட்டுக்கு வரலாறு உண்டு. உடையார்கள் காலத்தில் 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்று ஓர் அரசுத் துறை இருந்தது. அதற்கு அமிர்த மகால் என்று பெயரை மாற்றியவர் திப்பு சுல்தான். துறையின் பெயரே மாட்டின் பெயராகிவிட்டது. ஏன் அந்தக் கவனிப்பு? பீரங்கி வண்டியை இழுக்க அந்த எருது வேண்டியிருந்தது. 1782இல் ஐதர் அலி உயிர்விட்டது எங்கள் சித்தூருக்குப் பக்கத்துப் பாசறையில்தான். அவருடைய பீரங்கிகளை இழுத்து வந்த எருதுகள் இந்த மண்ணை மிதித்திருக்கும். அவற்றுக்கு அரசாங்க ஏடு இருந்தது. படைக்கு உழைத்த மாட்டுக்கு வரலாறு கிடைத்தது; பாட்டி வீட்டில் பால் கறந்த மாட்டுக்குப் புராணம் மட்டும்தான் மிஞ்சியது.

ஏடுதான் இல்லை, காளையாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். பசுவை அன்னை என்று வணங்கும் நாட்டில் நாட்டுக் காளையைச் சட்டம் போட்டு ஒழித்திருக்கிறோம். சித்தூர் அடங்கியிருந்த சென்னை மாகாணத்தில் 1940இல் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. உரிமம் இல்லாத காளையைக் காயடிக்க வைக்கும் அதிகாரம் அதில் இருந்தது. கேரளத்தில் 1961இல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு ஜெர்சியும் சினை ஊசியும் வந்தன. பால் பெருகியது, மறுக்கவில்லை. அந்தப் பாலில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அரசு ஏடுகளில் நம் மாட்டுக்குக் கிடைத்த பெயரைப் பாருங்கள்: 'வகைப்படாதது'. மொழியியலில் ஒரு பேச்சுவழக்கைக் 'கொச்சை' என்று சொல்லி ஒதுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முதலில் பெயரை எடுப்பார்கள். பெயரில்லாததை அழிப்பது எளிது.

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. குட்டை. அதைக் கொடுத்துவிட்டு வங்கிக் கடனில் கலப்பின மாடு வாங்கினார்கள். என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். மாமா சொன்ன தொகை நூறுகளில் இருந்தது. அவர் அப்போது பள்ளிச் சிறுவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தை வரை நடந்தாராம். முப்பது ஆண்டுக்குப் பின் அதே மனிதர் ஒன்றரை லட்சம் கொடுத்து அந்தப் பெயரைத் திரும்ப வாங்கியிருக்கிறார். மாடு திரும்பவில்லை, பெயர் மட்டும் திரும்பியது.

"எண்ணிக்கை பெருகியிருக்கிறதே, மகிழ வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். 2013ஆம் ஆண்டு இனவாரிக் கணக்கில் புங்கனூர் மாடுகள் 3,000க்கும் குறைவு. 2019 கணக்கெடுப்பில் 13,000க்கும் மேல். ஆறே ஆண்டில் நான்கு மடங்கு. ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈன்றாலே பெரிது. ஈன்றதில் பாதி காளைக்கன்று. கிடேரி முதல் ஈற்றுக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். ஒரு கன்றும் சாகவில்லை, ஓர் ஈற்றும் தவறவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் பிறப்பால் மட்டும் அந்த எண்ணை எட்ட முடியும். நேற்றுவரை 'வகைப்படாதது' என்று எழுதப்பட்ட பல, பெயருக்கு மதிப்பு வந்தவுடன் 'புங்கனூர்' என்று எழுதப்பட்டிருக்கின்றன என்பதே என் கணிப்பு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். தாய்மொழி சமஸ்கிருதம் என்று சொன்னவர்கள் 1991இல் 49,736 பேர், 2001இல் 14,135, 2011இல் 24,821. இடையில் எவரும் மொத்தமாகச் சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை. மக்கள் எதைச் சொல்ல விரும்பினார்களோ அதைச் சொன்னார்கள், எண்ணுபவர் எழுதினார். 13,000 பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. 13,000 புங்கனூர் மாடுகள் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

சரி, பழம்பெருமையில் ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டுமே, மாட்டுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு காளையின் பக்கத்திலிருந்து வருகிறது. கால்நடை மரபியலில் ஓர் எளிய வாய்பாடு உண்டு: காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மரபணு அளவில் அந்த மந்தை உண்மையில் எத்தனை விலங்குகளுக்குச் சமம் என்பது தெரியும். 100 பசுக்களுக்கு 2 காளைகள் என்றால் விடை எட்டைக்கூடத் தொடாது. கொட்டிலில் 102 தலைகள் நிற்கும். மரபணுவின் கண்ணில் எட்டுக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்கு உள்ளினக் கலப்பு ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறும். ஓர் இனம் தாக்குப்பிடிக்கக் குறைந்தது 50 வேண்டும் என்கிறது உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டல். அதே 100 பசுக்களுக்கு அந்த 50 வர வேண்டுமானால், ஒன்றுக்கொன்று உறவில்லாத 15 காளைகள் வேண்டும்.

இப்போது அந்தச் சான்றிதழின் தந்தைக் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். எந்தக் காளை என்று எழுதாவிட்டால், உறவு உண்டா இல்லையா என்று எப்படித் தெரியும்? உயரம் குறைந்த ஒரு காளைக்குப் பெயர் கிளம்பினால் ஊரே அதனிடம் ஓடும். அதன் மகளை அதனிடமே கொண்டுபோவார்கள், தெரியாமல். மிகச் சிறியதே மிகத் தூயது என்ற சந்தை இலக்கணம் காளைகளை மேலும் மேலும் குறைக்கும். குட்டையாக இருப்பதெல்லாம் புங்கனூர் என்றும் ஆகாது. கர்நாடகத்து மலநாடு கிட்டாவும் குட்டைதான். 'கிட்ட' என்ற கன்னடச் சொல்லுக்குப் பொருளே குட்டை. கேரளத்து வெச்சூர் குட்டை. காசர்கோடு மாடும் குட்டை. அளவுநாடாவால் இனத்தை அறிய முடியுமென்றால் இவை நான்கும் ஒன்றாகிவிடும்.

வெச்சூர் என்ற பெயர் வந்ததால் சொல்கிறேன். புராணமில்லாமல் ஒரு தோற்றக் கதையைச் சொல்ல முடியாதா என்பவர்களுக்கு அது விடை. 1989இல் மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த வெச்சூர் மாடுகளைத் திரட்டினார்கள். சட்டத்துக்குத் தப்பிக் கொல்லைப்புறங்களில் நின்றவை அவை. இன்று வெச்சூரைப் பற்றிப் பேசுகிறவர் அந்த ஆண்டிலிருந்து, அந்தத் தேடலிலிருந்து, ஒரு கைக்குள் அடங்கும் விலங்குகளிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். இதனால் வெச்சூரின் மதிப்பு குறைந்துவிட்டதா? 2022இல் அந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்மிடமும் இடம் இருக்கிறது. பலமனேரில் திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் மந்தையைப் பேணி வருகிறது. 2020இல் ஆந்திர அரசு சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு வழியாக இந்த இனத்தைப் பெருக்க 69 கோடி ரூபாய் அளவில் ஒரு திட்டத்தை அறிவித்தது. மந்தையைப் பேணுகிறவர்கள் பதிவேடு இல்லாமல் பேண முடியாது. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த மந்தையின் காளைகள் ஒவ்வொன்றும் எந்த ஊரிலிருந்து, எவர் கொட்டிலிலிருந்து, எந்த ஆண்டில் வந்தன என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எந்தக் காளையின் விந்து எந்தக் கன்றைத் தந்தது என்று ஒரு விவசாயி தன் கைப்பேசியில் பார்க்க முடிய வேண்டும். அந்த எண் இல்லாத சான்றிதழ் எதுவும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். பந்தயக் குதிரைக்கு 1791இல் முடிந்தது நம் பசுவுக்கு இன்று முடியாதா?

இதற்கு வரும் மறுப்புகளை அறிவேன். "மொழியியல்காரிக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்பது ஒன்று. கறக்கத் தெரியும், அது போகட்டும். தோற்றக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது என் துறை. உலகத்து மொழிகளெல்லாம் தம் மொழியிலிருந்தே பிறந்தவை என்று நிறுவும் புத்தகங்கள் எல்லா மொழியிலும் உண்டு. அவற்றில் செய்யும் அதே வித்தையைத்தான் இங்கும் செய்கிறார்கள்: இடைப்பட்ட மனிதரை எல்லாம் துடைத்துவிட்டு, இன்றைய பொருளை ஆதியோடு நேராக முடிச்சுப் போடுவது.

"நம்பிக்கையால்தானே மாடு பிழைத்தது, அதை ஏன் புண்படுத்துகிறாய்?" என்பது மற்றொன்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. சாமிக்கு விட்ட காளை என்பதால்தான் அதை எவரும் காயடிக்கவில்லை. நம்பிக்கை அன்று வேலியாக நின்றது. ஆனால் அந்த நம்பிக்கை காளையை ஊருக்குப் பொதுவாக்கியது. இன்றைய விற்பனை நம்பிக்கை பசுவைப் பளிங்குத் தரைக்குக் கொண்டுபோகிறது. பிறந்த காளைக்கன்று எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. கிடேரியின் காணொளிகள் நூறு வருகின்றன. வளர்ந்த பொலிகாளையின் காணொளியை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

சென்ற மாதம் சௌடேபல்லிப் பக்கம் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர். ஆம்போதைப் பற்றிக் கேட்டதும் முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார்: கறுப்பு, அதனால் 'நல்லோடு' என்று கூப்பிடுவார்கள். வலது தொடையில் சூலம். உயரம் அவருடைய இடுப்புக்குக் கீழே. மாரியம்மன் கோயில் திண்ணையில்தான் படுக்கும். அவர் மணமாகி வந்த ஆண்டில் அது முழு வளர்ச்சியில் இருந்தது. மூத்த மகன் நடக்கத் தொடங்கியபோது இல்லை. அதற்குப் பின் வேறு காளையை விடவில்லை, ஊசி வந்துவிட்டது என்றார்.

என் குறிப்பேட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, தந்தை என்ற கட்டத்தின் கீழ் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறேன்; ஒரே ஒரு வாய்மொழிதான் இருக்கிறது என்பதால். புங்கனூர், சௌடேபல்லி, சோமல, பெத்தபஞ்சாணி, பைரெட்டிபல்லி மண்டலங்களில் உறவினர் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: உங்கள் ஊர் ஆம்போதின் பெயர் என்ன, நிறம் என்ன, யார் விட்டது, எந்தக் காலத்தோடு நின்றது. தெலுங்கிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். திட்டாக நினைவிருந்தாலும் எழுதலாம்.